இரண்டு கணினிகளும் ஒரு கலியாண அட்டையும்

இத்தாலிய நகரொன்றின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், சந்தைக் கூச்சல் சுவரேறி யன்னலுக்குள் எட்டிப்பார்க்கும் ஒரு பழைய கட்டடம். தொண்ணூறுகளின் பின்பாதி. கீழ்த்தளத்தில் கத்தோலிக்கச் சனம் கூடிச் செபிக்கும் அறை. அங்கே மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், யாரோ ஒரு கட்டடக் கலைஞர் கழித்துவிட்ட மக் கணினி. மூன்றாம் மாடியில் சைவச் சனம் வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடும் அறை. அங்கே பிள்ளையார் படத்துக்குக் கீழே, நெற்றியில் சந்தனப் பொட்டோடு விண்டோஸ் கணினி. இரண்டுக்கும் தமிழ் தெரியும். ஒன்றின் தமிழ் மற்றதற்குத் தெரியாது. கவிதை எழுதுகிறவனுக்கு வேறு உருப்படியான வேலை இராது என்று நம்பி, இரண்டு பகுதியாரும் தங்கள் அறைச் சாவியை என்னிடம் தந்திருந்தார்கள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் நான் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தேன். என்னோடு அதே வேலை செய்த மன்னார்ப் பெண் கத்தோலிக்கம். அவளுக்குப் பேசி முடித்த, இல்லை, அவளே பேசி முடித்த மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சைவம். பிரான்காச்சோவில் ஒரு மரப் பட்டறையில் வேலை. இரண்டு வீடும் முறுகி, கொதித்து, பிறகு களைத்துப்போய்ச் சம்மதித்திருந்தன. அவள் கேட்டது ஒன்றுதான். இரு வீட்டாருக்கும் ஒரே அட்டை.

"ரெண்டு அட்டை அடிச்சால் ரெண்டு கலியாணம் எண்டுதான் சனம் கதைக்கும் அண்ணை. அவையின்ரை ஆக்கள் இஞ்சை வராயினம், எங்கடை ஆக்கள் அங்கை போகாயினம். நான் பாதி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கோணும்" என்றாள், படுக்கை விரிப்பை உதறியபடி. உதறிய விரிப்பு ஒரு கணம் காற்றில் நின்றது. நான் தலையாட்டிவிட்டேன்.

பெண்ணின் தகப்பன் தன் பக்கத்தைக் கீழே மக்கில் அடிப்பித்தார். தாளின் உச்சியில் சிலுவை. மாப்பிள்ளையின் தாய்மாமன் தன் பக்கத்தை மேலே விண்டோசில் அடிப்பித்தார். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி. ஞாயிறு பூசை முடிய அட்டை கையில் இருக்கவேண்டும். தகப்பனும் மாமனும் இத்தாலியர் வீடுகளில் வேலை செய்தவர்கள். வீட்டு வேலைக்காரருக்கு அரைநாள் ஓய்வான வியாழன் பின்னேரம், இரண்டையும் ஒன்றாக்க அவர்களும் பெண்ணும் நானுமாக மூன்றாம் மாடியில் கூடினோம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. கெட்டிக்காரன்.

"கீழை உள்ளதை நான் மேலையே திருப்பி அடிச்சுவிடுறன்" என்றேன். சுலபமான வழி அதுதான்.

தகப்பன் மறுத்தார். "எந்தப் பெரியப்பாவுக்குப் பிறகு எந்தச் சித்தப்பா எண்டு நாங்கள் அடிபட்டு ஒப்பேத்தின ஒழுங்கு. அந்த மெசினிலை ஒரு எழுத்தும் ஏறக்கூடாது. அடிச்சது அடிச்சபடி வரட்டும்."

ஆகவே மக்கிலிருந்து ஒரு பிளொப்பித் தட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மாமன் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே விண்டோசுக்குள் செருகினார். இந்தத் தட்டு இன்னும் தயார்ப்படுத்தப்படவில்லை, இப்போது தயார்ப்படுத்தவா என்று கணினி இத்தாலிய மொழியில் கேட்டது. மக்கின் தட்டு அதன் கண்ணுக்கு வெறும் தட்டு. நான் கையை நீட்டுவதற்குள் அவர் 'ஸீ' என்பதை அமத்திவிட்டார். ஓம் என்று பொருள். தட்டு கிறுகிறுவென்று சுற்றி, மன்னார் முழுவதையும் அழித்து, சுத்தமாக எங்களைப் பார்த்தது.

"ஏன் ஐயா அமத்தினியள்?"

"மரியாதையாய்க் கேட்டது. கலியாண விசயத்திலை ஆராவது 'நோ' எண்டு அமத்துவினமே?"

தகப்பன் நாற்காலியில் இருந்துவிட்டார். "முதல் அடியிலையே எங்கடை பரம்பரையைத் துடைச்சுப்போட்டார்."

மூலப் பிரதி கீழே பத்திரமாக இருக்கிறது என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. விண்டோஸ் தட்டை மக் வாசிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படி ஒன்றை எடுத்தேன். இம்முறை பிழைக்கக்கூடாதென்று மாமன் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் பூசினார். தகப்பன் கீழே கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிக்கப் போனார். மகள் போத்தலைப் பறித்தாள். மஞ்சள் பூசிய தட்டு மூன்று மாடி இறங்கி, ஏறி வந்தது. கோப்பு திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. எழுத்துருக்கள் வேறு வேறு. பெண் வீட்டு உறவெல்லாம் டொலர் குறியும், கேள்விக்குறியும், தொப்பி போட்ட ஆங்கில எழுத்துமாக வரிசையில் நின்றன.

மாமன் திரையில் விரலை வைத்தார். "இந்த டொலரும் கொக்கியும் ஆர், உங்கடை பெரியப்பாவோ?"

"ஓம். உங்கடை மெசினிலை ஏறினால் மனிசர் இப்பிடித்தான் ஆவினம்."

அடுத்தது கேபிள். யன்னல் வழியாகக் கட்டடத்தின் முதுகில் தொங்கவிட்டேன். இரண்டையும் நேரே பொருத்திவிட்டால் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும் என்று நம்பினேன். இரண்டாம் மாடி இத்தாலியச் சின்யோரா கை நீட்டி அதில் காலுறைகளைக் காயப்போட்டாள். விண்டோசில் அயலில் இருக்கும் கணினிகளைக் காட்டும் ஒரு சின்னப் படம் உண்டு. அழுத்தினேன். அது நெடுநேரம் தேடியது. கடைசியில், அயலில் தான் ஒருத்தன்தான் இருப்பதாகச் சொன்னது. கீழே ஓடிப்போய் மக்கைக் கேட்டேன். அதற்கும் இந்த உலகத்தில் வேறொருவரும் இல்லை. ஒரே கூரை, ஒரே கம்பி, நடுவில் ஈரக் காலுறைகள். அன்றைக்கு நான் எழுதியிருக்கவேண்டிய கவிதையை யாரோ என் கண்முன்னே காயப்போட்டிருந்தார்கள்.

"வெட்டி ஒட்டி போட்டோக்கொப்பி எடுப்பம்" என்றேன், மூச்சு வாங்க.

"கலியாணக் கடுதாசியிலை கத்தரிக்கோல் வைக்கிறதோ!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று பின்னேரம் இரு வீட்டாரும் ஒத்துப்போன முதல் விசயம்.

"அப்ப ரெண்டாய் அடிப்பம்" என்றார் தகப்பன். மாமனும் மெல்லத் தலையசைத்தார். பெண் யன்னலோரம் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் காலுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணை, மெசினுக்கு மெசின் போகாட்டிப் போகட்டும். தாள் போகலாம்தானே?"

கீழே ஒரு பிரிண்டர், மேலே ஒரு பிரிண்டர். நான் அதை யோசிக்கவே இல்லை. அவள் தடித்த தாள் ஒன்றைக் கீழே கொண்டுபோய் அச்சடித்து வந்தாள். மேல்பாதியில் சிலுவையும் பெண் வீடும், கீழ்ப்பாதி வெறுமை. மாமனின் எழுத்தும் மேல்பாதியில்தான் இருந்தது. அப்படியே செருகினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

"ஐயா, உங்கடை பக்கத்தைக் கொஞ்சம் கீழை தள்ளிவிடுறன்" என்றேன்.

"பிள்ளையாரைக் கீழை இறக்கிறதோ?"

தகப்பனைப் பார்த்தேன்.

"சிலுவையையோ?"

அவள் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். பிரிண்டருக்குள் செருகி, தானே பொத்தானை அமத்தினாள்.

தாள் வெளியே வந்தது. மாமன் எடுத்துப் பார்த்தார். உச்சியில் பிள்ளையார் சுழி, தன் ஆட்கள், தன் ஒழுங்கு. தகப்பன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உச்சியில் சிலுவை, பெரியப்பா, பிறகு சித்தப்பா. இரண்டு பேரும் தனித்தனியே அடிப்பித்த அதே மண்டபத்தின் பெயர் தாளின் நடுவில் முட்டிக்கொண்டு நின்றது, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து.

"அப்ப இதிலை ஆர் கீழை?" என்று மாமன் கேட்டார். சந்தேகம் முழுக்கத் தீரவில்லை.

"ஒருத்தரும் இல்லை மாமா. ஒரு அட்டை."

அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் தாளை மறுபடி திருப்பினார். பிறகு இன்னொரு முறை. தகப்பன் எழும்பி, மிச்சத் தாள்களை அள்ளிக் கக்கத்தில் வைத்தார்.

"நான் கீழை அடிச்சு அடிச்சு விடுறன். மை காயாமல் அடுக்காதையுங்கோ" என்று வாசலைத் தாண்டினார்.

மாமன் பின்னாலேயே போய்ப் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். "ஐயா, அந்த மூண்டாம் படி உடைஞ்சு கிடக்கு, பார்த்து!"