பூஜையறைக்கு வந்த அம்மி

எங்கள் வீட்டு அம்மி இரண்டு வருடங்கள் டிராக்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு வயலுக்குப் போய்வந்தது. மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் போனது. ஒரே ஒரு நாள் காலையில்தான் போகவில்லை. அன்றைக்கு அது ஏன் போகவில்லை என்பதை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போகிற பாதையில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அப்பா சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் அம்மா, ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், அப்பாவின் அக்காவான அத்தை, மூன்று பேர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று அப்பா ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிவிட்டு, தன் தம்பியை அனுப்பி ஒரு பழைய மினி டிராக்டரை வாங்கிவரச் செய்துவிட்டாள்.

அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயலில் ஒரு மாதம் ஓட்டிப் பழகினாள். சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தால், சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களே, “அக்கா, ரெண்டு நடை எரு அடிச்சுத் தர்றீங்களா?” என்று வந்து நின்றார்கள். எரு அடிப்பது, வைக்கோல் ஏற்றுவது, மேடு தட்டிய இடத்தில் மண்ணை இழுத்து நிரவுவது என்று அந்தச் சின்ன வண்டிக்கு ஓய்வே கிடையாது. மழையில் ஒருநாள் என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை அதிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அன்றைக்கு என் மவுசு என்னவென்று கேட்கவேண்டாம்.

மாமாவுக்கு மன்னார்குடியில் வெல்டிங் பட்டறை. ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவார். வந்தால் வண்டியில் எதையாவது ஒட்டாமல் போகமாட்டார். அம்மா ஏறுவதற்குத் தோதாகத் தாழ்வாய் ஒரு படி வைத்தார். தார்ப்பாயில் கூரை போட்டார். தூக்குவாளி மாட்ட ஒரு கொக்கி. கிளட்சுக்கு அம்மாவின் கால் எட்டவில்லை என்று அந்தப் பெடலின் மேல் ஒரு மரக்கட்டையை முடுக்கி, சேற்றுக்கால் வழுக்காமலிருக்கக் கட்டையின் மேல் டயர் துண்டு ஒன்றையும் அடித்து வைத்தார். வண்டிக்குச் செருப்பு மாட்டியிருக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது.

இந்த வேலைகளெல்லாம் நடக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். மாமாவோ ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாதவர். ரேடியேட்டரில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால், பாவம் அதற்குத் தாகம் என்பார். புகைக்குழாயின் மேல் மூடி ஏன் துள்ளுகிறது என்றால், அது உன்னைப் பற்றிக் கோள் சொல்கிறது என்பார். எனக்கு அந்தப் பதில்கள்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் போய் அவற்றை அப்படியே சொல்லிச் சிரிக்கவைப்பேன்.

அம்மி விஷயமும் அப்படித்தான் ஆனது. மாமா எங்கேயோ மலிவாகக் கிடைத்ததென்று சேறடிக்க ரோட்டவேட்டர் என்கிற சுழல்கலப்பை ஒன்றை வாங்கிவந்தார். அது பெரிய டிராக்டருக்கு உண்டானது. அதைப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனால் எங்கள் வண்டிக்கு முன்பக்கம் லேசாகிவிடும். மேடேறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அது எழும்பாமலிருக்க முகப்பில் பாரம் வைக்க வேண்டும். மிக்ஸி வந்தபின் கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்த அம்மியைப் பார்த்தார் மாமா. வண்டியின் முகப்பில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து, அம்மியை அதில் கிடத்தி, குறுக்கே ஒரு கம்பியைப் போட்டுப் பூட்டிவிட்டார். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். அத்தையிடம் யாரும் விளக்கவில்லை. நான் கேட்டேன். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “உங்கம்மா டிராக்டர் ஓட்டுறதைப் பாத்து ஊரே கண்ணு வைக்குதுல்ல பாப்பா, அதான். திருஷ்டிக்கு.”

நான் அதை நம்பினேன். லாரிக்குப் பின்னால் பழைய செருப்பு தொங்குகிறது, புது வீட்டின் முன்னால் பூசணிக்காய் தொங்குகிறது, எங்கள் டிராக்டரில் அம்மி இருக்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்த வருடம் ஆயுத பூஜை, தாளடி என்கிற இரண்டாம் போக நடவோடு சேர்ந்து வந்தது. காலையில் மாமா வந்து வண்டியைக் கழுவி, முகப்பின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணமும் மாலையும் போட்டுவிட்டுத் தன் பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் சுண்டலோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். நானும் அத்தையும் பூஜையறையில் அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்தோம். அத்தை திடீரென்று முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள். வருடா வருடம் முதல் பொட்டு அம்மிக்குத்தானாம். அதை மிதித்துத்தான் என் அம்மாவே இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாளாம். இப்போது அது தெருப்புழுதியில் கிடக்கிறதாம்.

“திருஷ்டிக்குத்தானே அத்தை வச்சிருக்காங்க? இன்னைக்குத்தான் வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கப் போறோமே. அப்புறம் அம்மி எதுக்கு?” என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே புல்லரித்தது.

தோரணத்துக்கு அடியில் கையை விட்டுக் கம்பியை உருவியது நான்தான். அம்மியைச் சாக்கில் இறக்கி, நானும் அத்தையுமாகக் கொல்லை வழியே இழுத்துக்கொண்டுபோய்ப் பூஜையறையில் சேர்த்தோம். மஞ்சள் பூசி மூன்று பொட்டு வைத்தேன். அதன் மேல் மஞ்சள் துணியை விரித்து, என் பாடப் புத்தகங்களை அடுக்கினோம். கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்தேன். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்பதில் எனக்கு மிகுந்த பக்தி இருந்தது. பூஜைக்கு வந்த அம்மா கண்ணில் புத்தகமும் துணியும்தான் பட்டன. வண்டிக்குக் கற்பூரம் காட்டியபோது மாலையும் மாவிலையும் அந்தக் காலிச் சட்டத்தை நன்றாக மூடியிருந்தன.

அன்று இரவே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கடைமடையில் தண்ணீர் நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. வந்தபோது பிடிக்காவிட்டால் அடுத்த முறை எப்போதென்று தெரியாது. நாற்று வேறு முற்றிக்கொண்டிருந்தது. விஜயதசமி நல்ல நாள் என்று நடவுக்குப் பெண்களுக்கும் சொல்லியாயிற்று. விடிந்ததும் அம்மா, மறுபூஜையை அத்தையையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

எல்லாவற்றுக்கும் மறுபடி மஞ்சள் குங்குமம் வைத்து, ஏழரை மணிக்கு நானும் அத்தையும் மறுபூஜையை முடித்தோம். விஜயதசமியன்று ஒரு பக்கமாவது படிக்கவேண்டும் என்று அத்தை புத்தகங்களை எடுத்து என் கையில் திணித்தாள். துணியையும் எடுத்து உதறினாள். அந்த நேரம் பார்த்து, நடவுக்கு உதவியாக வந்த மாமா, பொரிகடலைக்காகக் கையை நீட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. “இது எப்படி இங்க வந்துச்சு?” என்றார். நாங்கள் பதில் சொல்வதற்குள், “அக்கா எங்க? வண்டி எங்க?” என்றார்.

மாமாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஃபோனை எடுத்து அம்மாவுக்கு அடித்தார். அடுப்படியில் சார்ஜில் கிடந்த அம்மாவின் ஃபோன் மணியடித்தது. அவர் அதை அணைக்கக்கூட இல்லை. வாசலுக்கு ஓடி பைக்கை உதைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் ஏதோ செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. கணக்குப் புத்தகத்தோடு ஓடிப்போய் அவர் பின்னால் தொற்றிக்கொண்டேன். இறங்கு என்றுகூட அவர் சொல்லவில்லை.

வாய்க்கால் கரை இரவு மழையில் குழைந்து கிடந்தது. பைக் இரண்டு இடத்தில் வழுக்கியது. அம்மா முதலில் கீழ்வயலில் சேறடிப்பாள். அது முடிந்ததும் நடுவில் இருக்கும் உயரமான வரப்பில் ஏறி மேல்வயலுக்குப் போகவேண்டும். கீழ்வயல் முடிய எவ்வளவு நேரமாகும் என்று மாமா தனக்குத்தானே கேட்டுக்கொண்டே ஓட்டினார். டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை ஆறுதலாக இருந்தது. தென்னை வரிசையைத் தாண்டியதும் சத்தம் மாறியது. சேறடிக்கிற சத்தம் நின்று, ரோட்டவேட்டரைத் தூக்குகிற முனகல் கேட்டது. மாமா பைக்கை அப்படியே கரையில் போட்டுவிட்டு, கத்திக்கொண்டே வயலில் இறங்கி ஓடினார். நான் சைலன்சர் மேல் கால் பட்டுத் தோல் பொசுங்கியதைக்கூட அப்போது உணரவில்லை.

கீழ்வயல் முழுக்கச் சேறு வழவழவென்று கலங்கி, கொக்குகள் இறங்கியிருந்தன. அம்மா வரப்பை நோக்கி வண்டியைத் திருப்பிவிட்டாள். சேற்றுக்கென்று இரும்புச் சக்கரம் மாட்டிய வண்டி, வாழைக்கன்றும் மாலையுமாக, மெதுவாகப் போனது. மாமா கையை ஆட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். இன்ஜின் இரைச்சலில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்சக்கரங்கள் வரப்பில் ஏறின. ஏறியவை இறங்கவில்லை. வாழைக்கன்றுகள் வானத்தைப் பார்க்கத் திரும்பின. வண்டியின் அடிவயிறு முழுவதும் எனக்குத் தெரிந்தது. கூரைத் தார்ப்பாய் பின்னால் சாய்ந்து, அதன் கீழே அம்மாவின் தலைத்துண்டு சேற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் “அம்மா” என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா, தெரியாது.

கிளட்ச் கட்டை மேல் அம்மா இரண்டு காலையும் வைத்து மிதித்தாளாம். பின்னால் சொன்னாள். சக்கரத்துக்குப் போகும் விசை அறுந்து, வண்டி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு முன்பக்கம் தொப்பென்று வரப்பில் வந்து விழுந்தது. பின்பக்கம் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்தது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாழைக்கன்று முறிந்து தொங்கியது. ஸ்டியரிங்கில் மோதிய அம்மாவின் வாயிலிருந்து ரத்தம் அப்பாவின் சட்டையில் வழிந்தது.

மாமா இன்ஜினை அணைத்தார். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி வரப்பில் உட்காரவைத்தார். தோரணம் பிய்ந்து வெளியே தெரிந்த காலிச் சட்டத்தைப் பார்த்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நான்தான்க்கா கழட்டினேன். கழுவிட்டு மாட்ட மறந்துட்டேன்” என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் உள்ளங்கை முழுக்க மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. கணக்குப் புத்தகத்தால் அதை மறைத்துக்கொண்டேன். அம்மா வாய்க்கால் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தாள். தண்ணீரோடு ஒரு பாதிப் பல்லும் வந்தது.

“போய் அம்மியை எடுத்துட்டு வா” என்றாள் மாமாவிடம். அவ்வளவுதான்.

மாமா எவ்வளவோ தடுத்தும், அம்மியைப் பூட்டிய பிறகு அவளேதான் மறுபடி ஏறினாள். இந்தத் தடவை முன்சக்கரம் எழும்பாதபடி பின்பக்கமாகவே வரப்பேறி மேல்வயலுக்குப் போனாள். நடவுப் பெண்கள் வந்தபோது சேறு தயாராக இருந்தது. சாயந்திரம் அப்பா ஃபோன் செய்தபோது, நடவு நல்லபடியாக முடிந்தது, பொரிகடலையில் கல் இருந்து பல் உடைந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். பக்கத்தில் இருந்த அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். மாமா எனக்காகப் பொய் சொன்னார், அம்மா நம்பிவிட்டாள், முடிந்தது என்று நினைத்தேன். அறுவடைவரை அம்மா மாமாவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பொய்யை நம்பியதால்தான் பேசவில்லை என்று மாமாவுக்காகப் பரிதாபப்பட்டேன்.

மாமா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய சக்கரத்தின் டியூபுக்குள் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு ஏன் தண்ணீர் என்று கேட்டேன். அதற்கும் தாகம் என்பார் என்று சிரிப்பை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மாமா தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தார். ஒரு குச்சியை எடுத்துத் தரையில் டிராக்டரை வரைந்தார். பாரம் எங்கே இருந்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கால் மணி நேரம் சொன்னார். சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா பாப்பா? எங்க, திருப்பிச் சொல்லு” என்றார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். புகைக்குழாய் மூடி பிறகு ஒருநாளும் என்னைப் பற்றிக் கோள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் போனது. மாமாவுக்கு என் மேல் கோபம், வெளியே காட்டாமல் இப்படித் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரும் சத்தம் கேட்டதும் கொல்லைப்புறமாகப் போய் ஒளிந்துகொண்டேன். மாமா வண்டியில் கை வைக்கவே இல்லை. நான் வரும்வரை, கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, அம்மியைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் என்னைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. திருஷ்டிக்கு என்று என்னிடம் விளையாட்டாகச் சொன்னதற்காக அவர் தன்னைத்தான் தண்டித்துக்கொண்டிருந்தார் என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது.