அந்தப் பக்கம் ஓர் ஆள்

"வாட்ச கழட்டுங்க. மோதிரத்தையும். ம், அந்தப் பக்கம் புடிங்க."

கனடாவிலிருந்து தாயைப் பார்க்க வந்தவர், பிஸ்கட் டின்னை மேசையில் வைப்பதற்குள் ராக்கம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய தாய் இருப்பது மாடியில். கீழறைக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி காத்திருக்கும் நமசிவாயம் ஐயாவை அவருக்கு யாரென்றே தெரியாது. அதனால் என்ன, இரண்டு கை இருக்கிறதே!

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அந்த முதியோர் இல்லம். பிள்ளைகள் சண்டைக்குத் தப்பி வெளிநாடு போய்விட, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட தாய் தகப்பன்மார்தான் அங்கே அதிகம். ராக்கம்மா மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவள். குள்ளம், தடித்த மணிக்கட்டு. யாரையும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்வாள். தொட்டபிறகு வாய் ஓயாது. "இப்ப தலகாணிய எடுக்கப் போறேன், இப்ப திருப்பப் போறேன்" என்று, பஸ் கொண்டக்டர் இறங்குமிடம் சொல்வதுபோல, ஒவ்வொன்றையும் அறிவித்துவிட்டே செய்வாள்.

பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன நமசிவாயம், இரண்டு பேர் பிடித்தால் எழுந்து யன்னல்வரை நடப்பார். மறுபக்கம் பிடித்துவந்த பழனியம்மா குவைத்துக்குப் போய்விட்டாள். ஒருநாள் ராக்கம்மா தனியாகத் தூக்கப் பார்த்தாள். இருவருமாகச் சரிந்தார்கள். அவள்மேல் விழுந்ததால் ஐயா தப்பினார். அவளுடைய முழங்கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. அன்றோடு தீர்மானித்தாள்: தனியாகத் தூக்குவதுமில்லை, படுக்கையில் போட்டுவிடுவதுமில்லை.

இல்லத்தை நடத்தும் டோரின் மிஸ் கெட்டவர் அல்லர், களைத்தவர். சண்டைக் காலம்; மலையகத்திலிருந்து இன்னொரு தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்தால் பொலிசில் பதியவேண்டும். சுற்றிவளைப்பில் பிடித்துப் போனால் மீட்க அலையவேண்டும். "ஆள் இல்லாட்டி நான் என்ன செய்ய? பம்பர்ஸைக் கட்டிப் படுக்க விடு" என்றார்.

"விடு பிள்ளை, நான் படுத்திருக்கிறன்" என்று ஐயாவும் கூச்சத்தோடு சொன்னார்.

"நீங்க சும்மா இருங்கய்யா. இப்ப படுத்தீங்கன்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்டீங்க."

அன்று தொடங்கியதுதான் இந்த ஆள்பிடி படலம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மீன்காரர், கோயில் பிரசாதம் கொடுக்க வந்தவர் என்று எவரும் தப்பவில்லை. வாசலில் ஒருவரும் இல்லாவிட்டால், ஐயாவின் தலைமாட்டில் இருக்கும் பித்தளை மணியை எடுத்து, யாராவது வரும்வரை அடிப்பாள். வந்தவருக்கு அதே கட்டளை. "ஐயா தோலு கொழுந்து வெத்தல மாதிரி. வாட்ச் பட்டாலே கிழிஞ்சிரும்." அவளுடைய பிடிவாதம் எரிச்சலூட்டும்தான். ஆனால் ஐயா யன்னலோரம் நின்று கடலைப் பார்ப்பதைக் கண்டால், அந்த எரிச்சல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஒருநாள் பதிவு பார்க்கப் பொலிஸ் வந்தது. துவக்கைச் சுவரில் சாத்தவைத்து ஓர் இளம் கான்ஸ்டபிளையும் பிடித்துவிட்டாள். "மல்லி, அர பெத்தென் அல்லன்ன" என்று, கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில், தம்பி என்றழைத்து, அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னாள். காக்கியைக் கண்டு ஐயா கட்டிலில் பின்னுக்கு நகரப் பார்த்தார். அவனோ கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "ஹெமின், சீயா, ஹெமின்" என்று, சொந்தத் தாத்தாவிடம் சொல்வதுபோல, மெல்ல மெல்ல நடத்திப்போனான்.

டோரின் மிஸ்ஸுக்கு உயிர் போய் வந்தது. ஜீப் திரும்பியதும் வெடித்தார். "உனக்கு விசரா? இன்னொருக்கா அந்த மணிச் சத்தம் கேட்டுதெண்டா, பெட்டியக் கட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போ!"

"போறேங்க மிஸ். ரெண்டு பக்கத்துக்கும் ஆளப் போட்டுட்டுச் சொல்லுங்க, இன்னைக்கே போறேன்."

மறுநாள் காலை காலி வீதியில் சோதனை. மீன்காரர்கூட வரவில்லை. ராக்கம்மா தன் துணிப்பெட்டியைக் கட்டிக் கதவருகே வைத்தாள். ஐயாவைக் கட்டிலோரம் உட்காரவைத்தாள். பிறகு மணியை எடுத்து அடித்தாள். ஐயா "வேண்டாம் பிள்ளை, வேண்டாம்" என்று கெஞ்சினார். அவள் நிறுத்தவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டோரின் மிஸ் வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி யன்னலோரம் வைத்தார். மோதிரம் விரலில் இறுகியிருந்தது. எச்சில் தொட்டு, முறுக்கி முறுக்கி இழுத்து எடுத்தார். பிறகு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று, உள்ளங்கைகளைத் தேய்க்கத் தொடங்கினார்.