பதினேழு சென்சாரும் ஒரு வெள்ளிக்கிழமையும்

தேவகிருபையைப் பற்றிச் சொல்வதென்றால் என்னுடைய மடத்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

நான் மலைச்சாமி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஈரப்பத பிளான்டுக்கு ஆபரேட்டர். நூல் ஓடும் ஹாலில் காற்று காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடினால் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து வைப்பது என் பாடு. சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே பஸ் மாறி, இருபத்தாறு வருடமாக இந்த வேலைக்கு வருகிறேன். மில்லில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். காரணமில்லாமல் வந்த பெயர் இல்லை.

கிருபை தேவதானத்துக்காரி. வீட்டுக்காரர் எலியேசர் ராணுவத்தில் இருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறை வருவார். நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு பதினொரு வருடம் நின்றவள் அவள். மகள் ஜூடி பெரிய வகுப்புக்குப் போனதும், ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்தாள். பாஸ் செய்த சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து மேனேஜர் சௌந்தரபாண்டியன் மேசையில் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "மூணு மாசம் எலக்ட்ரிக்கல்ல இருந்து பாரும்மா. சரிப்படலைன்னா திரும்ப ரிங் பிரேமுதான்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஹாலுக்கு கேட்வே வந்தது. மோட்டார்களின் சூட்டையும் ஹாலின் ஈரத்தையும் அளக்க இருபது சென்சார்கள், எல்லாம் பேட்டரியில் ஓடுபவை. கம்பியில்லாமல் அவை அனுப்புவதை வாங்கி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் என் பிளான்ட் பேனலுக்கும் தரும் பெட்டிதான் கேட்வே. பொருத்த வந்த வெளியூர் ஆள் பெட்டியைத் தூணில் மாட்டிவிட்டு, "மத்ததெல்லாம் புக்குல இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டார். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். கிருபை மொபைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இருபத்து நாலு வோல்ட் சப்ளை இழுத்தாள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரே நெட்வொர்க் எண்ணைக் கொடுத்து, பட்டனை அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். என் பேனலுக்கு வரும் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, இரண்டு நாள் கோளாறை வேறெங்கோ தேடினாள்.

"ஏயும் பீயும் மாறிக் கெடந்திருக்கு அண்ணாச்சி. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்" என்று சிரித்தாள்.

அன்றையிலிருந்து எனக்கு அந்தப் பெட்டி மேல் தனிப் பிரியம். ஒரு ஷிப்டுக்கு எட்டு முறை ஈரமானியைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றுகிற வேலை மிச்சம். முழங்கால் வலிக்காரனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்தப் பிரியம்தான் வினையாகப் போயிற்று.

எங்கள் மில்லில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு பிரிவும் ஒரு இயந்திரத்தை அலங்கரிக்கும். நல்ல அலங்காரத்துக்கு மேனேஜர் கையால் எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு. இந்த வருடம் நான் கேட்வேயை எடுத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் கடை கடையாக ஏறி வெள்ளி ஜிகினா வாங்கினேன். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மேலே சாண் நீளத்துக்கு நிற்கிற கறுப்பு ஆன்டெனாவுக்கு அடியிலிருந்து நுனி வரை நெருக்கமாக ஜிகினா. சும்மா சொல்லக்கூடாது, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பரிசும் எனக்குத்தான். பூஜை முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் பொரியோடு வீட்டுக்குப் போனோம். கிருபை அந்த இரண்டு நாளும் ஊரில் இல்லை, மகளோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள்.

விஜயதசமி கழிந்து வெள்ளிக்கிழமை காலை மில் ஓட ஆரம்பித்தது. திரையில் மூன்றே மூன்று சென்சார். பதினேழைக் காணோம்.

மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. "நாலு மணிக்கு முதலாளி வாரார். இதப் பாக்கத்தான் வாரார். அதுக்குள்ள வரலைன்னா வெளியாளுக்குக் காண்ட்ராக்ட் குடுத்துருவோம். நீ திங்கக்கிழமை ரிங் பிரேமுக்கு வந்துரும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறதே.

கிருபை மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். சப்ளை பார்த்தாள், சரியாக இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டாள். நெட்வொர்க் எண்ணைச் சரிபார்த்தாள். பதினேழு சென்சாரையும் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றாகத் திறந்து பேட்டரி பார்த்தாள். எனக்குத் திரையில் ஈரக் கணக்கு வராததால் பழையபடி ஈரமானியும் கையுமாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போகிற வழியெல்லாம் அவளைத்தான் திட்டினேன். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி மாட்டுனாளே, இப்ப என்ன ஆச்சு?" என்று சத்தமாகவே சொன்னேன். அது அவள் காதிலும் விழுந்தது.

மணி இரண்டுக்கு என் பிளான்டுக்கு வந்தாள். தலை முழுக்கப் பஞ்சு. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் கையிலேயே இருந்தது.

"அண்ணாச்சி, மிச்ச ஜிகினா இருக்கா?"

"எதுக்கு?"

"குடுங்க, சொல்லுதேன்."

கேட்வேக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு சென்சாரில் அந்த ஜிகினாவை நாலு சுற்றுச் சுற்றினாள். என்னைத் திரைக்கு முன்னால் நிற்க வைத்தாள். செத்த நேரத்தில் மூன்று இரண்டாயிற்று. பிரித்தாள். மறுபடி மூன்று.

நான் திரும்பி கேட்வேயின் ஆன்டெனாவைப் பார்த்தேன்.

"இதுல இருக்கது வெறும் பேப்பர் இல்ல அண்ணாச்சி, மேல தகரப் பூச்சு. சிக்னல உள்ளயும் விடாது, வெளியயும் விடாது."

தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் வாய் அடங்கவில்லை. "வெள்ளிக்கிழம அதுவுமா பூச போட்டதப் பிரிப்பாங்களா? விளங்குமா?" என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. "அதான் நான் கை வைக்கல. நான் சர்ச்சுக்குப் போறவ. நான் பிரிச்சா அது வேற பேச்சாயிரும். நீங்க கட்டுனது, நீங்களே அவுத்துருங்க."

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பத்து மணிக்கே சந்தேகம்தான்."

"பத்து மணிக்கேவா! பொறவு எதுக்கு ஏணியத் தூக்கிட்டு அலைஞ்ச?"

"வேற எதாச்சும் கோளாறா இருக்கக்கூடாதான்னு பாத்தேன்."

வேலையே போகிற நிலையில், பழுது என் அலங்காரமாக இருந்துவிடக் கூடாதே என்று நாலு மணி நேரம் ஏணி ஏறி இறங்கியிருக்கிறாள்! நான் அந்த நாலு மணி நேரமும் அவளைத் திட்டியிருக்கிறேன்.

பஞ்சு ஆலைக்குள் சூடம் கொளுத்த முடியாது. மனதுக்குள் கொளுத்திக்கொண்டேன். "தாயே, பொறுத்துக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, நுனியிலிருந்து ஜிகினாவைப் பிரித்தேன். கீழே போடாமல் கொண்டுபோய் என் பிளான்ட் கதவில் கட்டினேன். பூஜைக்கும் குறையில்லை.

திரும்பி வந்தால் திரையில் ஏழு. பிறகு பத்து. பதினான்கு. ஒவ்வொன்று வரும்போதும் கிருபை விரலை மடக்கிக்கொண்டே இருந்தாள். மூன்றரைக்குப் பத்தொன்பது. இருபதாவது, கடைசித் தூணில் இருப்பது, வரவே மாட்டேன் என்றது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதுவும் வந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

முதலாளி வந்தார், பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கார் கிளம்பிய பிறகு மேனேஜர் கேட்டார், "கோளாறு என்னம்மா?"

"ஆன்டெனால ஒரு மறைப்பு இருந்துச்சு சார். நான் மொதல்லயே பாத்திருக்கணும்."

"அவ பொய் சொல்லுதா சார். ஜிகினா சுத்துனது நான்தான். என்ன வேணும்னாலும் பண்ணுங்க" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஆன்டெனாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அதுக்குப் பரிசு குடுத்தவன் நானாச்சேய்யா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது.

கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம் கேட்டேன், "நான் கத்துவேன்னு பயந்துட்டியா கிருபை?"

"உங்க கத்தலுக்கு யாரு பயந்தா?" என்றாள். "வருசம் பூரா அந்த ஒரு நாளுக்குத்தான் ஆசையாக் காத்துக் கெடக்குறீய. அதப் போயி தப்புன்னு எப்பிடிச் சொல்ல?"

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படவில்லை என்று தெரிந்தது, அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வருகைப் பலகையில் அவள் பெயர் எலக்ட்ரிக்கல் பிரிவின் கீழே நிரந்தரமாக எழுதியிருந்தது. பக்கத்தில் நின்றவனிடம், "நம்ம கிருபைல!" என்றேன். டிபன் கேரியரைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அதன் உள்ளே என் வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த புளியோதரை இருந்தது. மணி பத்தரைதான் இருக்கும், உட்கார்ந்து அப்போதே சாப்பிட்டாள்.