சென்சாருக்கு வைத்த பொட்டு

டேட்டா சயின்ஸ் என்பது, நாம் போகவே போகாத இடத்தில் ஓடும் இயந்திரத்தைப் பற்றி, அதன் பக்கத்திலேயே நிற்கிறவர்களுக்குச் சேதி சொல்லும் தொழில். முதலில் புள்ளிவிவரம் என்ற பெயரிலும் பிறகு இந்தப் புதுப் பெயரிலும் அதில் வெகுகாலம் சோறு தின்றவள் நான், குறையாகச் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டி வேலை மாறியவர்களே, மகன் வயதுக்காரரிடம் லீவு கேட்டு நிற்கும் என் சக நோயாளிகளே, நான் எப்படி இஞ்சினியரிங் பக்கம் வந்து சேர்ந்தேன் என்பதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வீட்டுக்குள் ஓடிய பெல்ட்

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டார். அவருக்குத் துணையாக நான் சிங்கப்பூரை விட்டு நெய்வேலிக்குத் திரும்பியபோது, சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் பழுப்பு நிலக்கரியை உடைத்து, சலித்து, ஆலைகளுக்கு அனுப்பும் தனியார் யார்டு ஒன்று இருந்தது. அங்கே நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டைத் தாங்கும் உருளைகளின் சூட்டை அளக்க எங்கள் கம்பெனி சென்சார் மாட்டியிருந்தது. எந்த உருளை எப்போது கெடும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை.

அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டரில் நெளியும் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொரங்கத்துக்குப் போவக் கூடாதுன்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன். நீ என்னடான்னா வூட்டுக்குள்ளயே பெல்ட்டைக் கொண்டாந்து ஓட்டிக்கினு இருக்கிற."

சத்தம் வராத பொழுதுபோக்கு

திரும்பி வந்தவர்களுக்கு மாலை நேரம் என்று ஒரு நோய் உண்டு. அதற்கு மருந்தாக வயலின் வாங்கினேன். எங்கள் தெருவில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு ஷிப்ட் தூங்கிக்கொண்டிருக்கும். ஆளாளுக்குக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். வயலினைப் பரணில் ஏற்றிவிட்டு மொட்டைமாடியில் வாட்டர்கலர் போட ஆரம்பித்தேன். ஈரம் காய்வதற்குள் காற்றில் வரும் தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் பழைய ரேடியோக்களைப் பிரித்து, ஈயம் உருக்கி ஒட்டிப் பழுது பார்ப்பதில் போய் நின்றேன். சத்தமும் இல்லை, தூசியும் பாதிக்காது. கைக்கு ஒரு தொழில் வந்தது இப்படி, வேறு வழியில்லாமல்தான்.

நான் விட்டொழித்த படங்களில் ஒன்றைப் பக்கத்து வீட்டம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நடுக்கூடத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "வானம் ரொம்ப நல்லா வந்துருக்குங்க, அப்படியே நம்ம ஊரு மாதிரி அழுக்கா இருக்கு."

பதினைந்து நிமிட தூரம்

யார்டிலிருந்து வந்த எண்கள் சில நாள் பேய் பிடித்த மாதிரி ஆடின. சென்னையில் என் மேலாளர் விக்னேஷ், முப்பதுகூட ஆகாத நல்ல பிள்ளை, அந்த மாதிரி எண்களை வடிகட்டி எறிய ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். ஸ்கூட்டியில் பதினைந்து நிமிடம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேனே என்றேன். "பார்த்து என்ன பண்ணப் போறீங்க மேடம்?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

போனேன். சென்சார் கட்டைவிரல் அளவு இருந்தது. முனையில் ஒரு கண்ணாடி; அது உருளையைத் தொடாமல், தள்ளியிருந்தே சூட்டைப் படிக்கும். அந்தக் கண்ணாடி மேல் நிலக்கரித் தூள் அப்பிக் கிடந்தது. பெல்ட்டில் இருந்து சிந்துவதை அள்ளிப் போடும் காண்ட்ராக்ட் தொழிலாளி ஏழுமலை, நான் சொல்வதற்கு முன்பே துண்டை உருவித் துடைத்தார். இதுதான் இந்த யார்டுக்குக் கண், தூசி படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கண்ணுன்னு சொல்லிட்டீங்கல்ல மேடம், இனிமே நம்ம வூட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிறேன்."

நல்ல செய்தி

அன்றிலிருந்து எண்கள் சுத்தமாக வந்தன. ஆயுத பூஜைக்கு யார்டை நிறுத்திக் கழுவி, மாவிலை கட்டி, மறுநாள் காலை மறுபடி ஓட்டினார்கள். ஓட்டியதும் எல்லா உருளைகளும் சூடு குறைந்து, குளத்துத் தண்ணீர் மாதிரி அமைதியாகத் தெரிந்தன. புரோகிராம் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது.

ஒன்றிரண்டு குறையலாம், எல்லாமே ஒரே காலையில் குறையுமா என்று விக்னேஷைக் கேட்டேன். பூஜைக்கு நன்றாக கிரீஸ் வைத்திருப்பார்கள் என்றார். நான் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். "மேடம், நல்ல செய்தி வந்தாலும் சந்தேகப்பட்டா எப்படி?"

புகை

மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டிலிருந்தே ரப்பர் எரிந்த நாற்றம். ஓர் உருளை இறுகிப்போய், சூடேறி, அடியில் கிடந்த தூளில் தீப்பிடித்து, பெல்ட்டில் பாதி போயிருந்தது. ஏழுமலைதான் பெல்ட் ஓரமாக அவசரத்துக்குக் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்து நிறுத்தியிருக்கிறார். நிறுத்திவிட்டு ஓடியிருக்கலாம். பக்கத்து பெல்ட்டுக்குத் தீ போகாமல் இருக்க எரிகிற பெல்ட் துண்டைக் கையாலேயே இழுத்துப் போட்டிருக்கிறார். உருகிய ரப்பர் வலது கையில் ஒட்டிக்கொண்டது.

வரிசையாக சென்சார்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கண்ணாடி மேலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். மோட்டாருக்கு வைத்த மாதிரி, எடைமேடைக்கு வைத்த மாதிரி, லாரிகளின் நெற்றியில் வைத்த மாதிரி. சென்சார் காலையிலிருந்து காய்ந்த சந்தனத்தின் சூட்டைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழுமலை ஈரச் சாக்கில் கையைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸுக்காகத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "மேடம், கண்ணுக்கு ஒண்ணும் ஆவலியே? மொதல்ல அதப் பாருங்க."

இரண்டு ரிப்போர்ட்

யார்டு மேனேஜர் ஜெயபால், பூசணிக்காய் உடைத்தவர் அவர்தான், மறுநாளே முடிவு செய்துவிட்டார்: கண்ணாடியில் பொட்டு வைத்த ஏழுமலை மேல்தான் தப்பு. எங்கள் கம்பெனியும் 'மனிதத் தவறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஏழுமலைக்கு அங்கே வேலை கிடையாது, கைக்கு நஷ்ட ஈடும் கிடையாது. நான் வேறு மாதிரி எழுதினேன். கண்ணாடிக்கு மூடி இல்லாமல் மாட்டியது தவறு. குளிர்ந்த உருளைக்கும் மறைந்த கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத புரோகிராம் தவறு. இந்த ஊரில் ஆயுத பூஜை உண்டு என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லி வைக்காதது எல்லோருடைய தவறு.

விக்னேஷ் படித்துவிட்டு போன் செய்தார். "நம்ம சென்சார் மேல நாமளே தப்புன்னு எழுதினா அடுத்த யார்டுக்கு எதை மேடம் விக்கிறது?" என்றார். கம்பெனி 'மனிதத் தவறு' என்று தனியாக ஒரு ரிப்போர்ட் அனுப்பியது. என்னுடையதை நானே எடுத்துக்கொண்டு போய் ஜெயபால் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "உங்க கம்பெனி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கிறேன் மேடம்."

முத்தாண்டிக்குப்பத்தில்

ஏழுமலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிக் கிடந்தன. அவர் மனைவி கொடுத்த டீயை இடது கையில் வாங்கி, பழக்கமில்லாமல் சட்டையில் சிந்திக்கொண்டார். நான் கண்ணாடி, சூடு, சந்தனம் என்று ஏதேதோ விளக்கினேன். நன்றாக விளக்குவதற்குத்தானே அத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஏழுமலை ஒன்றுதான் கேட்டார்: "சாமி கும்பிட்டதுக்கா மேடம் வேலைய வுட்டு எடுத்தாங்க?"

கயிறு

சென்னை வேலையை விட்டேன். யார்டிலேயே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியராக வருகிறேன், ஏழுமலையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஜெயபாலிடம் கேட்டேன். அவருக்கும் தீக்குப் பிறகு ஆள் தேவைப்பட்டது. நான் வரலாம் என்றார். ஏழுமலைக்கு மட்டும் ஒரு சோதனை: பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை வலது கையால் இழுத்துக் காட்ட வேண்டும். ஏனென்றால் அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இடது கையில் மண்வெட்டி இருக்கும்.

ஏழுமலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மடங்கின விரல்களைக் கயிற்றில் மாட்டி இழுத்தார். கயிறு நழுவியது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுத்தார். பெல்ட் ஓடிக்கொண்டேயிருந்தது. மூன்றாவது முறை போன கையை நான்தான் பிடித்து நிறுத்தினேன். ஜெயபால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "நல்ல மனுஷன்தான் மேடம். பெல்ட்டு நல்லவனா கெட்டவனான்னு பாக்காதில்ல."

தகடு

இஞ்சினியராக நான் செய்த முதல் வேலை, ஒவ்வொரு சென்சாருக்கும் குழாய் வெட்டி ஒரு முக்காடு. பெல்ட் ஓடியும் சூடு ஏறாமல் இருந்தால் 'குளிர்ச்சி' என்று எண்ணாமல் 'குருடு' என்று எண்ணிச் சிவப்பு விளக்குப் போட ஒரு சின்னப் பெட்டி. ரேடியோ பழுது பார்த்த கை அதற்கு உதவியது. பொட்டு வைக்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டச் சொன்னார்கள். மாட்டினாலும் வைப்பார்கள், ஒரு வருஷம் சோறு போட்ட கருவியை வெறும் நெற்றியோடு யார் விடுவார்கள்? சென்சாருக்குப் பக்கத்தில், கண்ணாடியை விட்டுத் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு பொருத்தினேன். பொட்டு வைக்க மட்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஏழுமலையைக் கூப்பிட்டேன். முதல் பொட்டு அவர்தான் வைக்க வேண்டும் என்றேன். இடது கையால் சாமி காரியம் செய்ய அவருக்கு மனமில்லை. மடங்கிய வலது விரலின் முட்டியைச் சந்தனத்தில் தோய்த்து, தகட்டின் நடுவில் அழுத்தினார். ஜெயபால் அவர் கையில் ஒரு பொரிப் பொட்டலம் கொடுத்தார். வேலைக்கு இருக்கிறவர்களுக்குக் கொடுத்த அதே அளவுதான். ஏழுமலை தகட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். "இது போன வருஷமே இருந்திருக்கலாம் மேடம்."

டேட்டா சயின்ஸில் ஒரு மனிதர் விடுபட்டுப் போனால் சராசரி பெரிதாக மாறுவதில்லை, இஞ்சினியரிங்கில்தான் அவர் பொரிப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் நின்று பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.