பெரியப்பாவின் எடை

நான் அப்போது நான்காம் வகுப்பில் இருந்தேன், பிள்ளைகளே. கரமனை ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வாடகை வீடு. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சேச்சி, மலையாளத்து அக்கா, கையில் வரைபடத்தோடு வீடு வீடாக வந்தார். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும், முதலில் யாரை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற வேலை.

போன வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டார். அப்பா சுவரில் கை வைத்துக் காட்டினார். "அதுக்கு மேல நாலு விரக்கடை" என்று அம்மா திருத்தினாள். சேச்சி டேப் பிடித்து அளந்தார். அதுவரை எல்லாம் சரி.

"துணையில்லாம நடக்க பற்றாத்தவங்க, முடியாதவங்க ஆராவது உண்டோ, அண்ணாச்சி? அவங்க வீட்டுக்குத்தான் படகு முதல்ல வரும்."

"அப்படி யாரும் இல்ல மோளே" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணித்திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் பெரியப்பா படுத்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமந்தவர். ஒரு வருடமாக வலது கையும் காலும் விளங்கவில்லை. அவரை உட்கார வைக்கவே அப்பாவும் அம்மாவும் சேர வேண்டும். பொய் சொன்னால் என்னை அடிக்கிற அப்பாவா இப்படி!

மூன்றாவது வீட்டுக்கு ஓடி சேச்சியைப் பிடித்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது பாதி. எங்கள் வாசலுக்குப் படகு முதலில் வரும் என்பது மீதி.

சேச்சி திரும்பி வந்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உள்ளேயிருந்து பெரியப்பாவின் குழறிய குரல் வந்தது.

"திரைய விலக்குடா. எழுதிக்கோ மோளே. எம்பத்திரெண்டு கிலோ."

"வெயிட் ஒண்ணும் வேண்டா மாமா, பேரு போதும்."

"வேணும். கனம் தெரியாம தூக்குனா தூக்குறவன் நடுமுதுகு ஒடியும். மூட்டைக்காவது பிடி கிடைக்கும், எனக்கு அதுவும் கிடைக்காது. நாலு பேருன்னு போடு. ரெண்டு நரம்பன்களை அனுப்பிச்சு வச்சிராதீங்க."

சேச்சி சிரித்துக்கொண்டே ஓரத்தில் எழுதினார். அந்த ஆடிமாதக் கர்க்கடக மழையில் தடியன்களாக நாலு பேர் வந்து, நாற்காலியோடு பெரியப்பாவைப் படகில் ஏற்றியது உண்மை. ஆனால் நான் சொல்ல வந்தது, சேச்சி எழுதிப் போன அன்றைய மத்தியானத்தைப் பற்றி.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அப்பா பெரியப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவ எழுதினா எழுதிட்டுப் போறா. ஓணத்துக்குள்ள நீங்க நடந்துருவீங்க அண்ணே."

"ஆமாடா" என்றார் பெரியப்பா, அப்பாவின் முகத்தைப் பார்த்து.

நான் இருவர் சொன்னதையும் அப்படியே நம்பினேன், பிள்ளைகளே. பெரியப்பா சீக்கிரம் நடந்துவிட்டால் படகுப் பட்டியலிலிருந்து நம் பெயரை அடித்துவிடுவார்களே என்பதுதான் அன்று சாயங்காலம்வரை என் கவலை.