ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்ற லட்சுமி

இன்று எங்கள் பசு லட்சுமிக்குத் தையல் பிரிக்க மட்டாஞ்சேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். கேரள மாநிலம் பிறந்த வருஷம் பிறந்தவள்; இப்போது ஆறு வயது.

மடியில் அறுவை செய்து அங்கேயே கிடந்தபோதுதான் புண் சீழ் பிடித்தது. என் வீட்டுக்காரர் அவளை வீட்டுக்கு ஓட்டி வந்து, வெந்நீரால் கழுவிக் கழுவிப் பிழைக்க வைத்தார்.

இன்று வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார்.

"சாரே, இவளை உள்ள விடமாட்டேன். அடுத்த மாட்டோட சீழ் இவளுக்கும் ஒட்டிக்கும்."

டாக்டர் கோபிக்கவில்லை. "செரியாக்கும் சேட்டா, எங்க கை வழியாவும் பரவியிருக்கும்" என்றவர், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தெருவுக்கே வந்தார். புண் நன்றாக ஆறியிருந்தது.

தையல் பிரித்து முடியும்வரை இவர் லட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆயிடுச்சு மோளே, ஆயிடுச்சு" என்று மகளைப்போல் கொஞ்சினார்.

என் பிரசவங்களில்கூட இந்தக் குரலை நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் எப்படி?