சரவெடிக்கு நடுவே ஒரு கிளி

பட்டாசுக்குப் பயந்த கிளியை, பட்டாசோடு காத்திருந்த வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போன முட்டாள் நான்தான்.

போன தீபாவளிக்கு மறைமலைநகரில் வெடித்த வெடியில் என் கிளி பட்டினி கிடந்து, நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப்போட்டது. இந்த வருடம் எனக்குத் தலை தீபாவளி. மாமியார் வீடு மாமல்லபுரத்தில்.

“கிளிய இட்டுகினு வர்றோம்னு வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிடட்டா?” என்று மனைவி கேட்டாள்.

“வேணாம், பாத்து அசந்து போவட்டும். கடலோரத்துல அலை சத்தம் மட்டும்தான். கிளிக்கும் ஒரு டூர்.”

செங்கல்பட்டில் பஸ் மாறியபோதும் கூண்டு என் மடியில்தான் இருந்தது. தலை தீபாவளி மாப்பிள்ளையை எதைக் கொளுத்தி வரவேற்பார்கள் என்பது மட்டும் அந்த மாப்பிள்ளைக்கு நினைவில்லை.

தெருமுனை திரும்பியதும் மனைவியின் தம்பி சரவெடிக்கு நெருப்பு வைத்தான். “வா மாமா! மொத்தமும் ஒனக்குத்தான்!”

கிளி கூண்டுக்கம்பியில் மோதி அலறியது. மனைவி கூண்டைப் பிடுங்கிக்கொண்டு பின்னறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

வெடி ஓய்ந்து வெகுநேரம் கழித்து, புதுவேட்டியெல்லாம் புகை நாற்றத்தோடு கதவைத் தட்டினேன்.

“கிளி எப்டி கீது? நானும் உள்ள வரட்டா?”

“அது தின்னுகினு கீது, நீ வெளியவே நில்லு.”